கச்சாய மாவுக்கு வெல்லமும் தண்ணீர்தான்

அரிசியும் வெல்லமும் சேர்த்துச் சுடும் கச்சாயம் எண்ணெயில் பிரிந்துபோகிறது என்று சொல்கிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான். அரிசி ஆட்டும்போது எவ்வளவு தண்ணீர் ஊற்றினீர்கள்? "தோசைக்கு ஊத்தற மாதிரிதான்" என்று பதில் வந்தால், கச்சாயம் அடுப்புக்கு வருவதற்கு முன்னாலேயே கெட்டுவிட்டது என்று அர்த்தம். எண்ணெயை மாற்றினாலும் கரண்டியை மாற்றினாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

கொங்குப் பக்கம் கச்சாயம் என்றால் எல்லா வீட்டிலும் ஒரே பண்டம் இல்லை. பாகு காய்ச்சி, இடித்த மாவைப் போட்டுக் கிளறி, தட்டிச் சுடும் அதிரசத்தையே கச்சாயம் என்று சொல்லும் வீடுகள் உண்டு. ஊறவைத்த பச்சரிசியை வெல்லத்தோடு சேர்த்து ஆட்டி, கரண்டியில் மொண்டு ஊற்றிச் சுடுவதைக் கச்சாயம் என்கிற வீடுகளும் உண்டு. இங்கே எழுதுவது இந்த ஊற்றிச் சுடும் அரிசிக் கச்சாயத்தைப் பற்றி. தீவாளிக்கு முறுக்கோடு ஒரு போசி நிறையச் சுட்டு வைப்பார்களே, அது. அதிரசத்துக்குப் பாகுப் பதம் தெரிய வேண்டும். இதற்குப் பாகே கிடையாது. அதனால் சுலபம் என்று நினைத்து இறங்குகிறார்கள். ஆனால் பாகு காய்ச்சும்போது தண்ணீரைச் சுண்டவைத்துப் பதத்துக்குக் கொண்டுவர ஒரு வாய்ப்பு இருக்கிறது. கச்சாயத்தில் அந்த வாய்ப்பு இல்லை. மாவுக்குள் போன தண்ணீர் போனதுதான்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பச்சரிசி 500 கிராம். வெல்லம் பொடித்தது 350 கிராம். ஆட்டுவதற்குத் தண்ணீர் 100 மில்லி, அதாவது அரை டம்ளர். ஏலக்காய் ஆறு, சுக்குப்பொடி அரை டீஸ்பூன், எள்ளு ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. தேங்காய்ப் பல் ஒரு கைப்பிடி, வேண்டுமானால். இந்த அளவுக்குச் சின்னக் குழிக்கரண்டியால் ஊற்றினால் 25 முதல் 28 கச்சாயம் வரும். இனிப்பு தூக்கலாக வேண்டும் என்பவர்கள் வெல்லத்தை 400 கிராம் வரைக்கும் கொண்டுபோகலாம். அதற்கு மேல் வேண்டாம். ஏன் என்பது கீழே வருகிறது.

அரிசி மாவுப் பச்சரிசியாக இருக்கட்டும். பொங்கல் வைக்க வாங்கும் சாதாரணப் பச்சரிசியே போதும். புழுங்கலரிசி கூடாது. அதில் மாவுச்சத்து ஏற்கெனவே ஒரு முறை வெந்துவிட்டது. எண்ணெயில் விழுந்ததும் வெந்து பிடிக்க வேண்டிய பிடிப்பு அதில் வராது. கோதுமையில் இருக்கிற பசைத்தன்மை அரிசியில் இல்லை. கச்சாயம் உடையாமல் நிற்பது முழுக்க முழுக்க மாவுச்சத்து சூட்டில் வெந்து இறுகுவதால்தான்.

இரண்டு முறை கழுவி, இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் ஊறவையுங்கள். ராத்திரி முழுக்க ஊறிய அரிசி கச்சாயத்துக்கு ஆகாது. அது வேண்டிய அளவுக்கு மேல் தண்ணீர் குடித்துவிடுகிறது, ஆட்டும்போது மசமசவென்று கூழாகிறது, சுட்டால் எண்ணெய் இழுக்கிறது. ஊறியதும் அரிகூடையில் கொட்டி, கால் மணி நேரம் நன்றாக வடிய விட வேண்டும். இந்தக் கால் மணி நேரத்தைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். கூடையை ஒரு முறை தட்டினால் அடியிலிருந்து சொட்டு விழக் கூடாது. வீட்டில் தராசு இருந்தால் நிறுத்துப் பாருங்கள். 500 கிராம் அரிசி ஊறி வடிந்தபின் 650 கிராமைச் சுற்றி இருக்கும். 700-ஐத் தாண்டினால் இன்னும் வடியவில்லை, அல்லது அளவுக்கு மேல் ஊறிவிட்டது. அந்தக் கூடுதல் 50 கிராமை ஆட்டுகிற தண்ணீரில் கழித்துக்கொள்ளுங்கள்.

இனி வெல்லம். கொங்கு நாட்டில் நல்ல வெல்லத்துக்குப் பஞ்சமில்லை. ஈரோட்டுப் பக்கம் சித்தோட்டில் வெல்லச் சந்தை இருக்கிறது. கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நாட்டுச்சர்க்கரை மூட்டை மூட்டையாக வருகிறது. பழனி கோயில் பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச்சர்க்கரை வாங்குவதும் அங்கிருந்துதான். இவ்வளவு பக்கத்தில் இருந்தும், கண்ணுக்கு மஞ்சளாகப் பளிச்சென்று தெரிகிற வெல்லத்தையே கேட்டு வாங்குகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. கரும்புப்பாலைக் காய்ச்சினால் இயல்பாக வருவது பழுப்பு நிறம். அந்த வெளிர்மஞ்சள் பெரும்பாலும் வெளுப்பு மருந்தால் வருவது. இன்னொரு கெடுதல் அஸ்கா, அதாவது வெள்ளைச் சர்க்கரை, கலப்பது. வெல்ல ஆலைகளில் கலப்படத்துக்கு வைத்திருந்த அஸ்கா மூட்டைகளை உணவுப் பாதுகாப்புத் துறை பறிமுதல் செய்த செய்தி ஈரோட்டுப் பகுதியிலிருந்து அடிக்கடி வருகிறது.

கச்சாயத்துக்கு இது ருசிப் பிரச்சினை மட்டுமில்லை. நல்ல வெல்லத்தில் சர்க்கரையோடு குளுக்கோஸும் பிரக்டோஸும் கொஞ்சம் கலந்திருக்கும். இவை ஈரத்தைப் பிடித்துவைக்கும், அதனால் கச்சாயம் மறுநாளும் மெத்தென்று இருக்கும். அஸ்கா கலந்த வெல்லத்தில் சுட்டது ஆறியதும் ஓரம் கல்லு மாதிரி விறைத்துக்கொள்கிறது. வாங்கும்போது ஒரு அச்சை உடைத்துப் பாருங்கள். உடைந்த முகத்தில் மணி மணியாகப் பளபளத்து, நாக்கில் வெறும் தித்திப்பு மட்டும் தெரிந்தால் வைத்துவிடுங்கள். நல்ல வெல்லத்தில் தித்திப்புக்கு அடியில் ஒரு லேசான உப்புக்கரிப்பும் கரும்பு வாசமும் இருக்கும்.

ஆட்டுவதற்கு கிரைண்டர்தான் சரி. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ஊர்ப் பெருமைக்காகச் சொல்லவில்லை, கல் மெதுவாகச் சுற்றுவதால் மாவு சூடாவதில்லை, அதுதான் காரணம். மிக்சியில் கெட்டியாக அரைத்தால் பிளேடைச் சுற்றி மாவு சுடும். மிக்சிதான் இருக்கிறது என்றால் மூன்று தடவையாகப் பிரித்து, நிறுத்தி நிறுத்தி அரையுங்கள். ஆட்டாங்கல் இருக்கிற வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

முதலில் அரிசியை மட்டும் போட்டு, 100 மில்லியில் பாதியை மட்டும் தெளியுங்கள். கல் திணறும். அப்போதுதான் கை துறுதுறுக்கும், இன்னும் ஒரு டம்ளர் ஊற்றிவிடலாம் என்று. ஊற்றாதீர்கள். ஓரத்தில் ஒட்டுவதை வழித்துப் போட்டுக்கொண்டே, மீதித் தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாக விடுங்கள். பத்து, பன்னிரண்டு நிமிடத்தில் மாவு சப்பாத்தி மாவுக்கும் இட்லி மாவுக்கும் நடுவில் ஒரு கட்டியாகச் சுற்றும். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் மெல்லிய ரவை மாதிரி நறநறப்பு தெரிய வேண்டும். வெண்ணெய் மாதிரி மைய ஆட்டினால் கச்சாயம் ரப்பராக இழுக்கும். நொய் தெரிகிற அளவுக்குக் கொரகொரவென்று விட்டால் நடுவில் வேகாத அரிசி பல்லில் படும்.

இப்போது பொடித்த வெல்லத்தை மூன்று கையாகப் போடுங்கள். முதல் கை போட்டு அரை நிமிடம் ஒன்றும் நடக்காது. அப்புறம் கல்லுக்கு அடியில் மாவின் ஓரம் ஈரமாக மின்னும். இரண்டாவது கை போட்டதும் கட்டியாகச் சுற்றிக்கொண்டிருந்த மாவு தளர்ந்து கல்லோடு வழிய ஆரம்பிக்கும். மூன்றாவது கை கரைந்து முடியும்போது, தண்ணீர் ஒரு சொட்டும் சேர்க்காமலே, அது இட்லி மாவுப் பதத்துக்கு வந்து நிற்கும். வெள்ளை போய் வெளிர் பழுப்பாக, மேலே ஒரு மினுமினுப்போடு இருக்கும். இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது? அரிசிக்குள்ளும் மாவுக்குள்ளும் இருந்த தண்ணீரில் வெல்லம் கரைந்து, தானே பாகாக மாறிவிட்டது. 350 கிராம் வெல்லம் கரைந்தால் கிட்டத்தட்ட 200 மில்லிக்கு மேல் தண்ணீர் ஊற்றியது போல மாவு இளகும். தோசை மாவுப் பதத்துக்கு முன்னாலேயே இளக்கி வைத்துவிட்டு, அதில் வெல்லத்தையும் போட்டால் அது ரசமாகத்தான் போகும்.

வெல்லத்தில் மண்ணும் சக்கையும் இருக்குமே என்றால், நியாயமான கேள்வி. அரிசி ஆட்டுவதற்கு முன்னாலேயே ஒரு துண்டைத் தண்ணீரில் கரைத்துப் பாருங்கள். அடியில் மண் தங்கினால், மீதிப் பாதித் தண்ணீரை அரிசிக்கு விடாமல் ஒதுக்கி வைத்து, அந்த 50 மில்லியில் வெல்லத்தைப் போட்டுச் சிறுதீயில் கரைத்து, கொதிக்க விடாமல் இறக்கி, வடிகட்டி, முழுக்க ஆறவைத்துச் சேருங்கள். புதிதாக 50 மில்லி எடுக்கக் கூடாது, அந்தக் கணக்குக்குள்ளேயே இருக்க வேண்டும். ஆறாமல் ஊற்றினால் பட்ட இடத்தில் மாவு வெந்து கட்டி கட்டியாகிவிடும். அந்தக் கட்டி கரையவே கரையாது. சுடும்போது அதற்குள் இருக்கும் ஈரம் வெடித்து எண்ணெய் தெறிக்கும்.

ஆட்டிய மாவை வழித்துப் போசியில் போட்டு மூடி வையுங்கள். உடனே சுடலாம், சுடுகிறார்கள், ஆனால் நன்றாக வராது. அந்த ரவை நறநறப்பு பாகை உள்ளே வாங்கி ஊறுவதற்குக் குறைந்தது நான்கு மணி நேரம் வேண்டும். ராத்திரி வைத்துக் காலையில் சுட்டால் லேசாகப் புளித்து, உள்ளே சின்னச் சின்னக் கண் விழும். சித்திரை வெயிலில் ஆறு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். ஐப்பசி மழையில் ராத்திரி முழுக்க வைக்கலாம். மூடியைத் திறந்ததும் தோசை மாவு மாதிரி புளித்த வாடை வந்தால் நேரம் கடந்துவிட்டது. ஏலக்காய், சுக்கு, எள்ளு, உப்பு எல்லாம் சுடப் போகும்போது சேர்த்தால் போதும். தேங்காய்ப் பல்லை ஒரு ஸ்பூன் நெய்யில் சிவக்க வறுத்துப் போடுங்கள். பச்சையாகப் போட்டால் அதன் ஈரமே கச்சாயத்தை இரண்டாம் நாள் ஊசவைத்துவிடும். ஊத்துக்குளிப் பக்கத்து நெய் கையில் இருந்தால் இங்கேதான் அதற்கு வேலை, மாவிலே கொட்டுவதற்கு இல்லை. மாவில் நெய் அதிகமானால் கச்சாயம் உதிரும்.

வடச்சட்டி சின்னதாக, நல்ல குழியாக இருக்கட்டும். அகலச் சட்டியில் மாவு பரந்து தட்டையாகிவிடும். குழிவான சட்டியில் எண்ணெய் இரண்டு அங்குல உயரம் நின்றால் போதும், அரை லிட்டர் பிடிக்கும். கடலை எண்ணெய்தான் இதற்கு வாசம். செக்கில் ஆட்டிய எண்ணெய் பொங்கும், நுரைக்கும். காய்ந்ததும் ஒரு சிறு புளித்துண்டைப் போட்டுக் கருகுவதற்குள் எடுத்துவிட்டால் நுரை அடங்கும்.

சூடு 160 முதல் 170 டிகிரி. வடைக்குக் காய்கிற அளவுக்குக் காயக் கூடாது. வெல்லம் இருப்பதால் மேல்தோல் சீக்கிரம் கறுக்கும், உள்ளே மாவு பச்சையாக இருக்கும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் ஒரு சொட்டு மாவு விடுங்கள். அடிக்குப் போய், ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் மேலே வந்தால் சரியான சூடு. போகாமல் மேலேயே பொரிந்தால் சூடு அதிகம். அடியிலேயே உட்கார்ந்துகொண்டால் இன்னும் காய வேண்டும்.

முதல் கச்சாயம் எப்போதும் சோதனைக் கச்சாயம். ஒரு கரண்டி மொண்டு, எண்ணெய்க்குப் பக்கத்தில் கையை இறக்கி, ஒரே இடத்தில் கையை ஆட்டாமல் ஊற்றுங்கள். அடிக்குப் போகும், ஒரு வட்டமாக மேலே எழும். அரை நிமிடம் கரண்டியால் தொடவே கூடாது. அதன் உயிர் அந்த அரை நிமிடத்தில்தான் இருக்கிறது. ஓரம் மட்டும் வெந்திருக்கும், நடு இன்னும் குழம்பாகவே இருக்கும், தொட்டால் கிழியும். ஓரத்தில் மெல்லிய பழுப்பு வளையம் தெரிந்ததும், பக்கத்து எண்ணெயை மொண்டு நடுவில் இரண்டு, மூன்று தடவை ஊற்றுங்கள். நடு புடைத்து எழும்பும். ஒன்றரை நிமிடத்தில் திருப்பி, மறுபக்கம் ஒரு நிமிடம். எடுக்கும்போது சட்டி ஓரத்தில் சாய்த்து, சல்லிக்கரண்டியால் மெதுவாக அமுக்கினால் எண்ணெய் வழிந்துவிடும்.

இந்த முதல் கச்சாயத்தைப் பிய்த்துப் பார்த்தால் மாவில் என்ன குறை என்று அதுவே சொல்லிவிடும்.

ஊற்றியதும் எண்ணெயில் சிதறி, ஓரம் சல்லடையாகப் பிரிந்தால் மாவு இளகல், அல்லது வெல்லம் அதிகம். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும். வெல்லம் ஏன் பிரிக்கிறது என்றால், மாவில் சர்க்கரை கூடக் கூட மாவுச்சத்து வேகத் தேவையான சூடும் கூடுகிறது. கச்சாயம் இறுகுவதற்கு முன்னால் அது எண்ணெயில் பரந்து உடைந்துவிடுகிறது. 400 கிராமுக்கு மேல் வேண்டாம் என்று சொன்னது இதற்குத்தான். இரண்டுக்கும் மருந்து ஒன்றே. பச்சரிசி மாவு இரண்டு டேபிள்ஸ்பூன் தூவிக் கலந்து, கால் மணி நேரம் விட்டு மறுபடி ஒன்று ஊற்றிப் பாருங்கள். அரிசி மாவு இல்லையென்றால் கோதுமை மாவு. ஆனால் கோதுமை மாவைப் போட்டு அடித்துக் கலக்கக் கூடாது, இழுவை வந்துவிடும். மைதா போடுகிறவர்களும் உண்டு. பிரியாது, உண்மைதான், ஆனால் ஆறியதும் தோல் மாதிரி ஆகிவிடும்.

புடைக்காமல் வடை மாதிரி கனமாக இருந்தால் மாவு கெட்டி. இங்கே எல்லோரும் கை வைப்பது சோடாவில். தயவுசெய்து வேண்டாம். வெல்லத்தின் லேசான புளிப்போடு சேர்ந்து சோடா பொங்கும், கச்சாயம் உப்பும், கூடவே எண்ணெயையும் உறிஞ்சும். நிறமும் சீக்கிரம் கறுக்கும், கூடிப்போனால் சோப்பு வாடை அடிக்கும். ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டுக் கலந்தாலே போதும். ஒரே ஒரு ஸ்பூன், கலக்கி, ஒன்று ஊற்றிப் பார்த்து, தேவையானால் அடுத்தது.

மேலே கறுத்து உள்ளே ஈரமாக இருந்தால் சூடு அதிகம். வெளிறி, கையில் எண்ணெய் ஒட்டினால் சூடு குறைவு. இரண்டாவது குறை பெரும்பாலும் பத்துக் கச்சாயம் தாண்டியபின் வரும். அவசரத்தில் ஒன்றை எடுத்த கையோடு அடுத்ததை ஊற்றுவோம், எண்ணெய் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக ஆறிக்கொண்டே போகும். எடுத்தபின் இருபது எண்ணி ஊற்றுங்கள். அந்த இடைவெளியில் சட்டியின் அடியில் உதிர்ந்து கிடக்கும் துணுக்கை வழித்து எடுங்கள். வெல்லத் துணுக்கு கருகினால் எண்ணெய் முழுக்கக் கசப்பேறும், கடைசிப் பத்துக் கச்சாயம் வீணாகும். ஒரு தடவைக்கு ஒன்றுதான். இரண்டாக ஊற்றினால் ஒன்றோடு ஒன்று ஒட்டும்.

சுட்டதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், கூடையில் சாய்த்து நிற்கவையுங்கள். அடுக்கினால் அடியில் இருப்பது மேலிருப்பதன் எண்ணெயைக் குடிக்கும். சூடு முழுக்க ஆறிய பிறகுதான் மூடி. சூட்டோடு மூடிய தூக்குப்போசியில் மூடிக்கு அடியில் வேர்த்து, அந்த நீர் சொட்டி, மூன்றாம் நாள் பூசணம் பிடிக்கும். சுட்ட அன்றைக்கு ஓரம் மொறுமொறுவென்றும் நடு மெத்தென்றும் இருக்கும். மறுநாள் ஓரமும் மெத்தென்று ஆகிவிடும், ஆனால் வெல்லத்தின் வாசம் அன்றைக்குத்தான் நன்றாக ஏறியிருக்கும். தேங்காய் போடாதது நான்கு நாள் தாங்கும், போட்டது இரண்டு நாள். அதிரசம் மாதிரி வாரக்கணக்கில் வைக்க நினைக்காதீர்கள். பாகில் சுண்டிப்போகிற தண்ணீர் இதில் உள்ளேயே இருக்கிறது. வெளியூருக்குச் சீர்ப் பலகாரமாகக் கொடுத்து அனுப்புவதாக இருந்தால் தேங்காய் இல்லாமல், புறப்படுவதற்கு முந்தின நாள் சுடுங்கள்.

மாவு மீந்துபோனால் பிரிட்ஜில் வைத்து மறுநாள் சுடலாம். வெளியே எடுத்து ஒரு மணி நேரம் கழித்து, அடிவரைக்கும் கலக்கிவிட்டு ஊற்றுங்கள், அரிசி அடியில் தங்கியிருக்கும். இன்னும் எண்ணெய் வைக்கச் சலிப்பாக இருந்தால் பணியாரச் சட்டிக் குழியில் அரை ஸ்பூன் நெய் விட்டு முக்கால் குழிக்கு ஊற்றி, மூடி, சிறுதீயில் வேகவையுங்கள். மூன்று நிமிடத்தில் ஓரம் விடும், குச்சியால் திருப்பிவிடுங்கள்.